இன்னொருவரின் நற்குணம்

போன மாதம் அச்சகத்திலிருந்து நிரூபா தொலைபேசி எடுத்தாள். நான் விலகி வந்தபின் என் கதிரையில் இருக்கிற பிள்ளை.

“அண்ணை, உங்கடை வேலையை இப்ப போனே செய்யுது. பேர், ஊர், தொழில் குடுத்தால் ஒரு நிமிசத்திலை வாழ்க்கை வரலாறு வருது. வாசிச்சுக் காட்டட்டோ?”

வாசித்தாள். செத்தவர் அன்பின் உறைவிடமாகவும் பண்பின் சிகரமாகவும் இருந்திருக்கிறார்.

“நல்லாத்தானே இருக்கு. நானும் உப்பிடித்தான் எழுதினனான். எழுத எனக்கு ரெண்டு பிளேன்ரீ குடிக்கவேணும், போனுக்கு அதுவும் தேவையில்லை.”

அவள் சிரித்தாள். “பகிடி விடாதேங்கோ. நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு ஒருக்கால் எழுதித் தாங்கோ. புதுசா வாற பிள்ளையளுக்குக் காட்டவேணும்.”

எப்படிச் செய்தேன் என்று எழுதினால் என்ன பிழை விட்டேன் என்பதையும் எழுதவேண்டி வரும். அந்தப் பிழை என்னுடையது மட்டுமல்ல என்பதால், அதில் பங்குள்ள ஒருத்தியிடம் கேட்டேன். “பேரை மாத்திப்போட்டு எழுதுங்கோ,” என்றாள். மாற்றியிருக்கிறேன்.

இருபத்திரண்டு வயதில், மானிப்பாய்ப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தேன். கோத்ததைவிடக் கொட்டியது அதிகம். எழுத்துப் பெட்டியை மூன்றாவது தடவை தட்டி விழுத்திய நாள், முதலாளி என்னை ஈயத்திலிருந்து பேனாவுக்கு மாற்றினார். வீட்டில் பதவி உயர்வு என்று சொன்னேன். அம்மா பாயாசம் காய்ச்சினா.

பேனா வேலை இரண்டு வகை. ஒன்று கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், பிள்ளைகளின் புலம்பல், நடுவில் இரண்டு பக்கத்துக்கு வாழ்க்கை வரலாறு. அந்த இரண்டு பக்கம் என் தலையில்.

மற்றது இளையோர் நாவல். முதலாளி முன்னாள் ஆசிரியர், பீற்றர் மாஸ்டர் என்போம். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் வாசிக்க வருடத்துக்கு ஒரு நாவலாவது போடவேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம். கையெழுத்துப் பிரதி வந்தால் முதலில் நான் வாசிப்பேன். பிறகு அவர் ஒரேயொரு கேள்வி கேட்பார்.

“உதிலை ஆர் ஐசே சின்ன ஆளாகினம்?”

பிள்ளை ஒருவரை மலையென்று நினைத்திருக்கும். தகப்பனோ, ரியூசன் மாஸ்டரோ, பக்கத்து வீட்டு அக்காவோ. அந்த மலை ஒரு பக்கத்தில் சாதாரண ஆளாக வந்து நிற்கவேண்டும். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் பிரதி திரும்பிப் போய்விடும்.

“மாஸ்டர், காலமை முழுக்க ஆக்களைப் பெரிசாக்கிறம், பின்னேரம் இருந்து சின்னனாக்கிறம். எங்கடை தொழில் என்ன தொழில்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“செத்தவை இனி வளரமாட்டினம் ஐசே. பிள்ளையள் வளரவேணும்.”

அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். ஆனால் தேவாரத்தில் ஒரு புள்ளி குறைந்தால் பொறுக்கமாட்டார். கோடு கீறுகிற அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கி இறக்கி வாசிப்பார். பிழை கண்டால் சொல்லமாட்டார், ஏசமாட்டார். அடிமட்டத்தை அந்த வரியிலேயே வைத்துவிட்டு எழும்பிப் போய் வாசலில் நிற்பார். நான் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினால்தான் திரும்பி வருவார். ஒருமுறை மழையில் அரை மணித்தியாலம் நின்றார். பிழை கடைசியில் செத்தவரின் பெயரிலேயே இருந்தது.

வாழ்க்கை வரலாற்றுக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். வீட்டாரைக் கேட்டு எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், ஓரத்தில், அதைச் சொன்னது யார் என்று பென்சிலால் அடையாளமிட வேண்டும். மனைவி சொன்னால் ‘ம’. பிள்ளைகள் சொன்னால் ‘பி’. அயலவர் சொன்னால் ‘அ’. அச்சானபிறகு அந்த மூலத்தாள்களை வருடவாரியாகக் கட்டித் தகர றங்குப் பெட்டிக்குள் வைப்போம்.

“செத்த ஆளைப் பற்றி ஆரும் எதையும் சொல்லலாம். சொன்ன ஆள் ஆரெண்டு இருக்கவேணும்,” என்பார்.

போரால் பாதை பூட்டியிருந்த காலம். தாள் கிடைப்பதே கஷ்டம். கோப்பாயிலிருந்து ஒரு கல்வெட்டு வந்தது. சிவபாலன் என்று முப்பது வயது ஆள், தோட்டக் கிணற்றில் தவறி விழுந்து செத்துவிட்டார். மனைவியும் மனைவியின் தமையனும் வந்தார்கள். மனைவியின் மடியில் மூன்று வயதுப் பெண்குழந்தை.

பிறந்தது, படித்தது, கட்டியது எல்லாவற்றுக்கும் தமையன்தான் பதில். நான் கடைசிக் கேள்விக்கு வந்தேன். “அவற்றை நற்குணம் எண்டு ஏதாவது சொல்லுங்கோ, தங்கச்சி.”

அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் அழுகிறாளாக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அழவில்லை.

“நீங்களா ஏதாவது நல்லதாப் போட்டு விடுங்கோ, தம்பி,” என்றார் தமையன்.

அந்தியேட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. சிவபாலனின் வரலாறு அரைப் பக்கத்தில் முடிந்துபோய் நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் மானிப்பாயில் ஒரு தபாற்கந்தோர்ப் பியோனுக்குக் கல்வெட்டு எழுதியிருந்தேன். அவருடைய மூத்த மகன் விம்மி விம்மிச் சொன்ன ஒரு வரி எனக்குப் பிடித்துப்போயிருந்தது. வீதியில் காற்றுப்போன சைக்கிளோடு நிற்கிற பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் இறங்கி, ஒட்டுப் போட்டு, காற்றடித்துக் கொடுக்காமல் போகமாட்டார் என்று. மானிப்பாயில் செத்தவரும் கோப்பாயில் செத்தவரும் கல்வெட்டை மாற்றிப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அந்த வரியை எடுத்துச் சிவபாலனுக்குப் போட்டேன்.

மாஸ்டரின் அடிமட்டம் அந்த வரிக்கு வந்து நின்றது. ஓரத்தில் அடையாளம் இல்லை.

“உது ஆர் சொன்னது?”

“மனுசிதான் மாஸ்டர். போட மறந்துபோனன்,” என்று சொல்லி, அவர் முன்னாலேயே பென்சிலை எடுத்து ‘ம’ போட்டேன்.

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு அடிமட்டத்தைக் கீழே இறக்கினார். பியோனின் கல்வெட்டையும் அவர்தான் வரிவரியாக வாசித்தவர். ஒரு புள்ளியை மறக்காத மனிதர் ஒரு வரியை மறந்திருப்பாரா? இதைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது அவர் இல்லை. அவருக்கும் நான்தான் வரலாறு எழுதினேன், ‘எதற்கும் விட்டுக்கொடாதவர்’ என்று.

பதினாறு வருடம் கழிந்தது. மாஸ்டரின் மேசையில் நான் இருந்தேன், இளையோர் நாவலையும் விடாமல் போட்டுக்கொண்டு. ஒருநாள் ஒரு பிள்ளை வந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற வயது. கையில் நாலு கொப்பி நிறைய ஒரு நாவல். சிந்துஜா என்று பெயர்.

“அங்கிள், இது என்ரை அப்பாவின்ரை கதை. அப்பான்ரை கல்வெட்டு நீங்கள்தானாம் எழுதினது.”

ஊரும் பேரும் சொன்னாள். எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. நூற்றுக்கணக்கான ஆட்களை எழுதியவன். வரியைச் சொன்னாள். வந்தது.

“அந்த வரியை ஆர் சொன்னதெண்டு தெரிஞ்சால் அவையோடை கதைக்கலாம். இன்னும் நிறைய எழுதலாம்.”

நான் சொல்வதற்கு முன்பே எங்கள் வேலைப் பிள்ளை ஒருத்தி பெருமையோடு றங்குப் பெட்டியைத் திறந்துவிட்டாள். கட்டு அவிழ்ந்தது. தாள் வந்தது. சிந்துஜா விரலால் தடவிப் பார்த்தாள்.

“ம எண்டால் என்ன, அங்கிள்?”

“மனைவி.”

கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். அடுத்த வசனம்தான் வரவேண்டியது: பிள்ளை, அதை நான் போட்டது. அது வரவில்லை. அவளுடைய முகம் அதற்குள் மாறிவிட்டது.

“அம்மாவோ? அச்சகத்து ஆக்களுக்குச் சொன்னவ. எனக்குத் தானா ஒரு நாளும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். நல்லாக எழுதியிருந்தாள், அதுதான் கொடுமை. கதையில் ஒரு சிறுமி. செத்துப்போன தகப்பன் வெள்ளிக்கிழமைகளில் வீதி வீதியாகப் போய்ப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுவார். அவர் போனபின் வீட்டில் காற்றடிக்கிற சைக்கிள் பம் மட்டும் குசினிச் சுவரில் தொங்குகிறது. சைக்கிளை வித்தது தாய். வாயைத் திறவாத, சிரிக்காத, தையல் மெசினைத் தவிர ஒன்றையும் காதலிக்காத ஒரு தாய். மாஸ்டரின் கேள்விக்கு இந்த நாவலில் பதில் இருந்தது. சின்ன ஆளாகியது தாய். ஆனால் அது பிழையான ஆள்.

அடுத்த நாள் சைக்கிளில் கோப்பாய்க்குப் போனேன். சிந்துஜா சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போயிருந்தாள். தாய் ஒரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் வரியையும் நாவலையும் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை மெசின் நிற்கவில்லை. தையல் ஓரம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“நீங்கள்தானோ அந்த வரி? நான் என்ரை அண்ணைதான் சொன்னதாக்கும் எண்டு இவ்வளவு காலமும் அண்ணையோடை கோவம்.”

“அந்தச் சைக்கிள்...?”

“என்ரை. அம்மா எனக்குத் தந்தது. அவர் அதைச் சாவகச்சேரிச் சந்தையடியிலை வித்துப்போட்டு மூண்டாம் நாள் குடிவெறியிலை வந்தவர். பம் மட்டும் மிஞ்சிப்போச்சு. வாங்கினவன் கேட்க மறந்திட்டான் போலை.”

சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தேன். அவளே கொஞ்சம் சிரித்தாள்.

“பிள்ளைக்குச் சொல்லேல்லையோ, தங்கச்சி?”

“ஏழு வயசிலை உங்கடை கல்வெட்டை எழுத்துக் கூட்டி வாசிச்சாள். ‘அம்மா, அப்பா ரோட்டிலை நிண்டு காத்தடிச்சுக் குடுக்கிறவரோ’ எண்டு கேட்டாள். அந்த முகத்தைப் பாத்தால் நீங்களும் ஓமெண்டுதான் சொல்லுவியள். ஓமெண்டன். அப்ப சைக்கிள் எங்கை எண்டாள். நான் வித்துப்போட்டன் எண்டன். வேறை என்ன சொல்லுறது?”

“நான் அவளிட்டை உண்மையைச் சொல்லுறன்.”

“வேண்டாம்.” அவள் குரல் உயரவில்லை. “ரெண்டு பேரிலை ஒராளாவது அவளுக்கு நல்ல ஆளா இருக்கட்டும். செத்த ஆளோடை சண்டை பிடிச்சால் ஆர் சமாதானம் சொல்லுறது? நான் இருக்கிறன்தானே. என்னிலை கோவிச்சாலும் பின்னேரம் என்ரை கையாலைதான் சாப்பிடுறாள். சத்தியம் பண்ணுங்கோ, அண்ணை.”

பண்ணினேன். பண்ணியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் எழுதவேண்டும். அந்த ‘ம’ பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. பிள்ளை தாயில் கோபப்பட ஒரு புதுக் காரணத்தை என் பென்சில் கொடுத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சத்தியம் கேட்டிருக்கமாட்டாளோ என்னவோ.

நாவல் அச்சாகியது. வெளியீடு கோப்பாயில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில். முதற்பிரதி வாங்குகிற கௌரவம் எனக்கு. ‘எனக்கு என்ரை அப்பாவைத் தந்தவர்’ என்று சிந்துஜா அறிமுகம் செய்தாள். எனக்கு மாலையும் போட்டார்கள். உயிரோடு இருக்கும்போது மாலை போட்டால் தொழில் ரீதியாகவே எனக்குப் பயம்.

தாய் முன் வரிசையில் இருந்தாள், புதுச் சேலையில். சிந்துஜா சைக்கிள் வித்த அத்தியாயத்தை வாசித்தாள். சனம் தாயின் முதுகைப் பார்த்தது. அவள் மடியில் கைகளை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள், “அப்பா பிள்ளையளுக்குக் காத்தடிச்சுக் குடுத்ததை அம்மா அச்சகத்துக்குச் சொல்லியிருக்கிறா. தாளிலை அடையாளம் இருக்கு. எனக்கு மட்டும் சொல்லேல்லை.”

தாய் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அடுத்ததாக நான் பேசவேண்டும். ஒலிவாங்கி முன்னால் நின்றேன். ஒரு வசனம் போதும். சத்தியத்தை உடைக்காமலே, ‘அந்த அடையாளம் என் கைப்பிழை’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: “இவ்வளவு காலமும் நான் எழுதின புத்தகத்துக்கு வாற சனம் வடைக்குத்தான் வாறது. இண்டைக்குத்தான் புத்தகத்துக்கு வந்திருக்கு.” மண்டபம் சிரித்தது. எனக்குப் பகிடி எப்போதும் கைகொடுக்கும்.

முடிந்தபின் தாய் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“அண்ணை, அண்டைக்கு நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லைத்தானே?”

“இல்லை, தங்கச்சி.”

“அதுதான். அவள் சொல்லேக்கை எனக்கே ஒரு நிமிசம், சொன்னனானோ எண்டு வந்திட்டுது.” பிறகு, “ரீ ஆறப்போகுது, குடியுங்கோ,” என்றுவிட்டுப் போனாள்.

நாவலுக்கு நல்ல பெயர் வந்தது. சிந்துஜா கொழும்பில் படித்து, அங்கேயே வேலை எடுத்தாள். தீபாவளி, வருசப்பிறப்புக்கு வருவாள் என்று கேள்வி. சில வருசம் வரமாட்டாள் என்றும் கேள்வி. தாய் என்னை வீதியில் கண்டால் தலையாட்டுவாள். நானும் ஆட்டுவேன்.

போன வருடம் தாய் செத்துப்போனாள். சிந்துஜா கல்வெட்டுக்கு வந்தாள். நான் விலகப்போகிற மாதம் அது. இரண்டு கண்ணிலும் வெண்படலம், அடிமட்டம் வைத்தாலும் பொடி எழுத்துத் தெரியாது. அவளே எழுதிக்கொண்டு வந்திருந்தாள், அரைப் பக்கம். பிறந்த ஊர், எட்டாம் வகுப்பு வரை படித்தது, கணவர் இறந்தபின் தையலில் மகளை வளர்த்தது, ‘அதிகம் கதைக்காதவர்’.

“இதுக்கு மேலை எனக்கு எழுத வரேல்லை, அங்கிள். நீங்கள் கொஞ்சம் கூட்டி எழுதுங்கோ.”

சத்தியம் வாங்கியவள் உயிரோடு இல்லை. ஆகவே சொன்னேன், எல்லாவற்றையும், பகிடி இல்லாமல். பியோனின் வரி, ஓரத்து ‘ம’, சந்தையில் போன சைக்கிள், தையல் மெசினுக்கு முன்னால் நான் பண்ணிய சத்தியம்.

அவள் கொண்டுவந்த தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அம்மா உங்களுக்கு எப்ப சொன்னவ?”

“புத்தகம் அச்சுக்குப் போக முன்னம்.”

“முன்னம்,” என்றாள். பிறகு, “நான் வாசிக்கேக்கை அவ முன் வரிசையிலை இருந்தவ.”

“ஓம், பிள்ளை.”

“நீங்கள் பகிடி விட்டனீங்கள்.”

“ஓம்.”

அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அவளுடைய பார்வையில் நான் என் அளவுக்கு வந்து நின்றதை மட்டும் உணர்ந்தேன். மாஸ்டர் அவ்வளவு காலம் கேட்ட அந்தப் பக்கத்தை முதல்தடவை உள்ளே நின்று பார்த்தேன். அச்சில் வாசிக்கிறபோதுதான் அது நல்லாக இருக்கும்.

“இதை அம்மான்ரை வரலாற்றிலை போடுவம்,” என்றேன். “எல்லாரும் அறியட்டும். நான் எழுதித் தாறன்.”

“வேண்டாம் அங்கிள், நீங்கள் எழுதவேண்டாம்.” பிறகு, “அம்மா சொல்லவேண்டாமெண்டு சத்தியம் வாங்கினதை நான் அவவின்ரை அந்தியேட்டியிலையே ஊருக்குப் பங்கிடுறதோ?”

“மிச்ச நாவல் பிரதியள் அச்சகத்திலை கிடக்கு. வேணுமெண்டால் விக்காமல் எல்லாத்தையும் எடுத்துத் தாறன்.”

“கிடக்கட்டும். எழுதினது நான்தானே.”

என் பேனாவை வாங்கினாள். ‘அதிகம் கதைக்காதவர்’ என்பதை வெட்டினாள். அதற்குக் கீழே ஒரு வரி எழுதினாள்: ‘அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். – மகள்.’

கூடவந்த மாமன், முப்பது வருடத்துக்கு முன் என்னிடம் வந்த அதே தமையன், எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினார்.

“என்ன பிள்ளை உது? சனம் சிரிக்கும். பெத்த தாயைப் பற்றி இவ்வளவுதான் தெரியுமோ எண்டு கேக்கும்.”

“உங்கடை கூடப்பிறந்த தங்கச்சிதானே, மாமா. கூடத் தெரிஞ்சால் சொல்லுங்கோ, எழுதுறன்.”

மாமன் வெளியே பார்த்து, கூட்டிப்போக வான்காரன் வந்துவிட்டானா என்று கேட்டார்.

அந்த அரைப் பக்கம் அப்படியே அச்சுக்குப் போனது.